வெளுப்பு

வாயைச் சுற்றி இறுக்கமாக, காற்று கசியக் கூடாது.
மூக்கில் கிளிப்.
இழுங்க, இழுங்க, நிரம்பட்டும். இப்போ
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க ஊதுங்க
விட்டுடாதீங்க இன்னும் இன்னும் இன்னும்
ஆறு வினாடி.

நாளொன்றுக்கு முப்பது பேரிடம் இப்படிக் கத்துகிறேன்.
வீட்டில் என் கணவர் சூப்பை ஊதிக் குடிக்கும்போது
என்னையறியாமல் எண்ணுகிறேன்.
"போதும் ஷெங்குல், இது வெறும் பருப்பு" என்கிறார்.

எர்சுருமில் ஜனவரி.
நிலக்கரிப் புகை எழ மனமில்லாமல்
தெருவின் மேலேயே படுத்துக் கிடக்கிறது.
பெதிர்ஹான் வந்திருக்கிறார், இது நான்காம் ஆண்டு.
பிங்கோலிலிருந்து பனியில் ஊர்ந்த பேருந்து,
பிறகு எங்கள் மாடிப்படி. லிஃப்ட் பழுது.
பேருந்தைவிடப் படிக்கட்டு நீளம் என்றார்,
அதையும் இரண்டு தவணையாக.

எங்கள் ஆய்வில் அவர் பெயர் பதினொன்று.
வயது முப்பத்தெட்டு.
கருவி அவர் நுரையீரலுக்கு எழுபத்தொன்பது போடுகிறது.

பதினேழில் இஸ்தான்புல் போனார்.
புதுக் கால்சட்டையைப் பழசாக்கும் வேலை.
குழாயில் மணல், அழுத்தக் காற்று,
தொடையில் ஒரு வீச்சு, முட்டியில் ஒரு வீச்சு,
யாரோ பத்து வருஷம் உடுத்திக் களைத்ததைப் போல.
நிலவறை ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்,
மணல் வீணாகாமல் இருக்க.
இரவில் அந்த மணலிலேயே படுக்கை.
முதலாளி நல்லவர்தானாம், சனிக்கிழமை கோழி வாங்கித் தருவார்.
மணலைப் பற்றி மட்டும் மூச்சுக் காட்டவில்லை.

"ரெண்டே வருஷம்" என்கிறார் பெதிர்ஹான்,
ஏதோ நாங்கள் கணக்கைக் கூட்டிவிட்டதைப் போல.
ராணுவத்தில் ஓடச் சொன்னபோதுதான் தெரிந்தது.

இரண்டாம் முறை ஊதினார். வளைகோடு
ஏற ஆரம்பித்து, மனம் மாறிப் படுத்துவிட்டது.
மூன்றாவதற்கு முன் ஓய்வு. நான் காத்திருந்தேன்.
அவர் என் முட்டியைப் பார்த்தார்.
வெள்ளைக் கோட்டுக்குக் கீழே என் ஜீன்ஸ்,
போன ஆண்டு சந்தையில் பேரம் பேசி வாங்கியது.
மறைத்துக்கொள்ளத் தோன்றியது. காலை எங்கே வைப்பது?

குனிந்தார். டாக்டர் ஸ்கேன் படத்தை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாரே, அந்தக் கண்.
"பயப்படாதே. இது லேசர்.
வெளுப்பு ஒரே சீராக இருக்கு பார்.
மணல்னா ஓரம் கரையும், ஒரு பக்கம் அதிகமாகும்,
பையன் கை ஓய்ந்த இடம் தெரியும்."

அவர் படத்திலும் மேல்பக்கம்தான் அதிகம்.
நான் சொல்லவில்லை.

மருந்து உண்டா என்று இந்த ஆண்டு கேட்கவில்லை.
அடுத்த ஆண்டு இருக்கலாம் என்ற என் பொய்யும்
வாய்ப்பில்லாமல் நாக்கிலேயே தங்கிவிட்டது.
ஃப்ளூ ஊசி போட்டாச்சா? போட்டாச்சு.
அடுப்பை மாற்றியாச்சா? மச்சான் தருவதாகச் சொன்னான்.
சிகரெட்? சிரித்தார்,
சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நோயாளியிடம் நாங்கள் "கடந்து போகட்டும்" என்போம்,
தும்மினாலும் அதுதான், புற்றென்றாலும் அதுதான்.
கல்தூசி கடந்து போவதில்லை.
இருந்தாலும் சொன்னேன், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

கோட்டை மாட்டியவர் திரும்பி வந்தார்.
"என் மூச்சை எழுதிட்டே இல்ல? இதையும் எழுது.
என் அத்தை மகன் சொன்னான். இப்போ துணி இல்லை,
கண்ணாடி. ஹோட்டல்களுக்குப் பூ வரைந்த கண்ணாடி.
நாலு பையன்கள். ஒருத்தனுக்குப் பத்தொன்பது."

பேனாவை அவரே வாங்கிக்கொண்டார்.
வேறு தாள் தேடவில்லை. வளைகோடு விழுந்து
காலியாகக் கிடந்த வலப் பக்கத்தில், நிறுத்தி நிறுத்தி:

டயர் கடைக்குப் பின்னால்.
பச்சை இரும்புக் கதவு, கீழே இறங்கும் படி.
ராத்திரி ஒன்பதுக்கு மேல்.
மணி அடிக்க வேண்டாம், ஓங்கித் தட்டச் சொல்.
உள்ளே இருக்கும் சத்தத்தில் மணி கேட்காது.