எழுபத்திரண்டாம் சேனல்

நீரோடிக்கு நேரே பதினெட்டுப் பாகத்தில் நங்கூரம்.
கணவாய்க்கு விளக்கு இறக்கியாயிற்று.
கரையில் ஒரே வரிசையாய் வெளிச்சம்;
அதில் எந்த பல்பு வரைக்கும் தமிழ்நாடு என்று
அறிந்தவன் இந்தக் கடலில் ஒருவனும் இல்லை.

பதினாறில் பேசினால் கோஸ்ட் கார்டு கத்துவான்,
எழுபத்திரண்டுக்கு வாங்க என்றான் கிளாட்வின்.
வந்தார்கள், ஏழு வள்ளம், எட்டு வள்ளம்,
பனியடிமையின் கடைசி ஆட்டத்தைத் தீர்மானிக்க.

"ஞாயித்துக்கிழமை திருவிழா ஃபைனல்.
முப்பத்தொம்பது வயசு. எறங்கட்டும், ஒரு கோல் போடட்டும்,
அங்கேயே ஜெர்சியைக் கழத்திக் கொடிமரத்துல கட்டட்டும். ஓவர்."

"எங்கலே கோல் போட? பந்து வரும்போ அவன் வரமாட்டான்,
அவன் வரும்போ ஆம்புலன்ஸ் வரும்.
போன வருசமே நிறுத்தியிருக்கணும். ஓவர்."

"எம்பதாம் நிமிசம் எறக்கணும், கைதட்ட மட்டும். ஓவர்."

"கைதட்ட ஆளெறக்க இது என்ன கல்யாணமா?"
ஓவர் சொல்ல மறந்துவிட்டான் செல்வதாசன்.
அரை நிமிடம் எல்லோரும் அவனுக்காகக் காத்திருந்தோம்.

பொழியூர் வள்ளத்திலிருந்து ஷைஜு:
"அவரு பந்து படிச்சது எங்க மணல்லயாக்கும்.
கடைசிக் களியும் இங்கதான். மாலை, செண்டை, எல்லாம் ரெடி."

"செண்டையா? என்னலே, அடக்கமா நடக்குது?"

கரையில் செட்டைப் பிடித்திருந்தாள் டெல்பின்,
ஏலம் விடுகிற அதே குரல்:
"ஏழு பேரு ஏழு வெலை சொல்லியாச்சு. மீன் ஆருக்க மீன்?
அவன் முட்டிக்கு ராத்திரி ஐஸ் கட்டுதவ ஒருத்தி இருக்கா.
அவகிட்ட கேட்டியளா? ஓவர்."

"அவ ஒத்த வார்த்தையில சொல்லுவா அக்கா,
நீங்க இப்ப கடைசியா சொன்ன வார்த்தை."
சிரிப்பும் இரைச்சலும் ஒன்றாய் வந்தன.

அவர்களுக்குத் தெரியாது,
அவன் இன்று எங்கள் வள்ளத்தில்தான் இருக்கிறான்.
மெர்பினுக்குக் காய்ச்சல், ஆள் குறைவு,
சாயங்காலம் தானாக வந்து ஏறினான்.
அணியத்தில் உட்கார்ந்து தூண்டிலை ஆட்டுகிறான்,
வலது காலை நீட்டியபடி.
அது முழுசாக மடங்காது.

பதினாலு வருசம் முன்னால், வள்ளவிளை, செமி ஃபைனல்.
இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டித் திரும்பினான்.
நான் பந்துக்குத்தான் போனேன்.
பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது
சாமியார் கேட்டார், பந்துக்குத்தானா?
அப்போது ஆம் என்றேன்.

செட்டை அணைக்கக் கை நீட்டினேன்.
"கெடக்கட்டும்லே" என்றான்.
"நல்லாத்தானே வெளையாடுதானுவ."

முதல் கணவாய் ஏறியது. வள்ளமெல்லாம் மை,
அவன் சட்டையில், என் மூக்கில், வெந்த மரச்சீனியில்.
துடைக்காமல் ஒரு துண்டு எடுத்துத் தின்றான்.
"உப்பு கொறவு."

வயர்லெஸில் கிளாட்வின்:
"அவனையே கேட்டிருவோம். எந்த வள்ளத்துலயாவது
பனியடிமை இருக்கானா? ஓவர்."

அலை வந்து பலகையில் தட்டிப் போயிற்று.
பட்டன் என் கட்டை விரலுக்கடியில் இருந்தது.
அவன் என்னைப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை உங்க டீமுல ரைட் பேக் ஆரு?"

"நான்தான்" என்றேன். "பயலுவ எல்லாம்
கொச்சி போட்டுல போயாச்சு. வேற ஆளில்ல."

கை விரித்துக் கை விரித்து
தூண்டில் கயிற்றை அளந்து விட்டான்,
ஆறு பாகம், ஏழு, எட்டு.

"ஷின் பேட் கட்டிட்டு வா" என்றான்.