ஒன்பதாவது தலை

நம் நாவில் தேவி என்றால் விளக்கேற்றுவோம்.
காகசஸ் மலையில், ஜார்ஜிய மொழியில்,
தேவி என்றால் கதவைத் தாழிடுவார்கள்.
ஒன்பது தலை அரக்கன் அது.

பனி இறங்கிய முதல் வாரம் ஓர் ஆடு போனது.
அடுத்த வாரம் இன்னொன்று.
கல் கோபுரத்தின் உட்சுவரில்
நஸிப்ரோலா கரிக்கோடு கிழித்தாள்.
கொழுந்தன் பெகான் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டான்.
"தலை ஒன்பது இருந்தென்ன,
மூளை ஒன்றுகூட இல்லையே" என்றான்.

கோடுகள் பதினொன்று ஆனபோதுதான்
அவளுக்கு உறைத்தது:
போனது குளம்பு அழுகிய கிடா,
இரவெல்லாம் இருமிய கிழட்டுப் பெட்டை,
வியாபாரி தலையில் அவளே கட்டப் பார்த்த
அந்தக் கோணக்கால்.
கொழுத்தவை அத்தனையும் பட்டியில் அசைபோட்டன.

அன்றிரவு லாந்தரைத் துணியால் மூடி
வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.
வந்தது.
எட்டுத் தலைகளும் கிசுகிசுப்பாய்ச் சண்டையிட்டன:
பெரியதைத் தூக்கு,
வேண்டாம், அது சினை,
எனக்குப் பசி,
உனக்கு எப்போதும் பசி.
ஒன்பதாவது வாயே திறக்கவில்லை.
குனிந்து, ஓர் ஆட்டின் உதட்டை விலக்கி
பல்லை எண்ணிக்கொண்டிருந்தது.

எண்ணி முடித்து
வைக்கோல் பக்கம் திரும்பாமலே கேட்டது:
"உனக்கு ஒரே தலைதானே,
சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பாய்?"

பற்கள் கிட்டித்துக்கொள்ள
"கொழுந்தன் இருக்கிறான்" என்றாள்.

ஒன்பது வாயும் சேர்ந்து சிரித்ததில்
கூரைப்பனி பொலபொலவென்று உதிர்ந்தது.

மார்ச் மாதம், ஒரு விடியல்.
பட்டி திறந்து கிடந்தது. ஓர் ஆடுகூட இல்லை.
பெகான் குண்டு போட்டுக்கொண்டு
முறம் முறமாய்ப் பதிந்த காலடிகளைப் பிடித்து
ஓடை தாண்டி எதிர்ச்சரிவில் ஏறினான்.
மூச்சு வாங்க அவள் பின்னால்.
பாறை மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி,
மந்தை நெருங்கி நின்றது.
திட்டுவதற்கு வாய் திறந்தான்.
பின்னால் மலை பேசியது.

திரும்பினார்கள்.
பட்டி இருந்த இடத்தில் வெள்ளை.
மேலே இன்னும் அடங்காத பனிப்புகை.

நெடுநேரம் கழித்து
குண்டை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டான்.
பிறகு, ஆட்டுக்காரன் இல்லையா,
எண்ணத் தொடங்கினான். இரண்டு முறை எண்ணினான்.
"ஒன்று குறைகிறது."

இருப்பதிலேயே கொழுத்தது.
திருவிழாவுக்கென்று அவன் வளர்த்த கிடா.

"எட்டுக்கும் பசித்திருக்கும்" என்றாள் நஸிப்ரோலா.
அந்த ஒன்றை மட்டும்
சுவரில் ஏற்றவில்லை.