கரைச்சீட்டு

தாலினில் எனக்கு எட்டு மணி நேரம் கொடுத்தார்கள்.
பத்துக்கு இறங்கி ஆறுக்குள் ஏறிவிட வேண்டும்.
சீட்டில் என் பெயரை
முனி, ரத்தினம் என்று இரண்டு ஆளாகப் பிரித்திருந்தார்கள்.
முனி மட்டும்தான் போனான் போலிருக்கிறது.
ரத்தினம் இன்ஜின் அறையிலேயே நின்று
மூன்றாம் பம்ப்பின் கசிவுக்குக் காது கொடுத்திருந்தான்.

அக்டோபர். பால்டிக் காற்றில் காதுமடல் கழன்று விழும் குளிர்.
கோட்டைச் சுவரை ஒட்டியே நடந்தேன்.
சிவப்பு ஓடு வேய்ந்த கூம்புக் கோபுரங்கள்,
தேய்ந்து வழவழத்த கல் பாவிய சந்து,
ஒரு தேவாலயத்தின் ஊசிமுனை.
பழைய கப்பல்காரர்கள் அதைத் தூரத்தில் பார்த்துத்தான்
கரை வந்ததென்று மூச்சு விடுவார்களாம்.
பாகில் வறுத்த பாதாம் காகிதக் கூம்பில் விற்றது.
விலையை ரூபாயில் பெருக்கத் தொடங்கி
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ஒரு வங்கியின் வாசற்படி, கறுப்புக் கல்.
குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் தடவினேன்.
எங்கள் பக்கத்துக் கல்லாக இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
கல் வாய் திறப்பதற்குள் காவலாளி வந்துவிட்டான்.

பூ விற்றவள் கேட்டாள், எந்த நாடு?
சொன்னேன்.
அங்கே எந்தத் துறைமுகம்?
காவேரிப்பட்டினம்.
பட்டினம் என்றால்?
கடலோர ஊர் என்றேன். அகராதி அப்படித்தான் சொல்கிறது.
கப்பல் நிறைய வருமா?
மாங்காய் சீசனில், என்றேன்.

இப்போது விடுப்பில் நான்காம் மாதம்.
மும்பை ஆபீஸ் கூப்பிடும் கூப்பிடும் என்று
போனை மார்பில் வைத்தே தூங்குகிறேன்.
"அந்த ஊர்ல என்னதான் பார்த்தீங்க?"
சுவர், என்றேன்.
"சுவரா" என்றாள் நளாயினி, அரிசி களைந்துகொண்டே.
அவளுக்குக் கிருஷ்ணகிரி.
பிறந்ததிலிருந்து தலைக்குமேல் கோட்டை,
ஒரு படி ஏறியதில்லை.
நானும்தான்.

இன்று காலை சனிக்கிழமைத் தாளைக் கிழித்து
பின்பக்கம் எனக்கு நானே சீட்டு எழுதினேன்.
இறங்கும் நேரம் பத்து. ஏறும் நேரம் ஆறு.
பெயரைச் சேர்த்தே எழுதினேன்.

கரையிறங்கியவன் அண்ணாந்து நடப்பான்.
அப்படியே நடந்தேன், பேருந்து நிலையம் தாண்டி.
கடைகளுக்கு மேலே மாடிகள் இருப்பது
இன்றைக்குத்தான் தெரிந்தது:
மூடிப்போன போட்டோ ஸ்டுடியோவின் மரச்சன்னல்,
சிமெண்டில் புடைத்த 1961,
அந்த ஒன்பதின் வளையத்தில் ஒரு சிட்டின் வைக்கோல்.
நிப்பட்டு வாங்கினேன், காகிதக் கூம்பில்தான் வேண்டுமென்று.
மாதேஷ் எட்டாவது வரை என் பெஞ்சு.
"கவர்ல குடுத்தா ஆவாதாப்பா?"
கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
"வெயில் ஏறிடுச்சா உனக்கு?"
பிறகு கொஞ்சம் யோசித்தான்.
ஆற்றுப்பாலம் பக்கம் கையை நீட்டினான்.

நியாயம்தான்.
முழங்காலளவுத் தென்பெண்ணை,
திட்டுத் திட்டாய் நுரை,
பாறைமேல் யாரோ காயப்போட்ட பச்சைப் போர்வை.
நுரைக்கு அடியில் தண்ணீர்
கடலூருக்கு வழி கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

கூழ் ஆலைக்கு வெளியே லாரிகள்.
தார்ப்பாய் கட்டி, மூக்கை ஒரே திசையில் திருப்பி,
முறை வரக் காத்துக் கிடந்தன.
துறைக்கு வெளியே நாங்கள் கிடப்போமே, அதே போல.
எண்ணினேன், இருபத்து மூன்று.
பூக்காரிக்குச் சொன்னது வீண் போகவில்லை.
பலமனேர் வண்டிக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி
ஊருக்குப் புதுசா என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.
அவ்வளவு சந்தோஷமாக
எந்தத் துறைமுகத்திலும் நான் பதில் சொன்னதில்லை.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
சந்துக்குள் ஓடினேன், ஏணியைத் தூக்கிவிடுவார்கள் என்பதுபோல.
வாசலில் நளாயினி. தாளை நீட்டினேன்.
திருப்பிப் பார்த்தாள்.
"பத்து மணி ராகு காலம். அதுலயா இறங்கினீங்க?"
நிப்பட்டில் ஒன்றை உடைத்து வாயில் போட்டாள்.
மென்று முடித்தபின் சொன்னாள்:
"நாளைக்கு எனக்கு ஒண்ணு எழுதுங்க, கோட்டைக்கு.
திரும்பற நேரம் போடாம."