பதிவுத் தபால்

செயற்கைக்கோள் படத்தில்
உயிருள்ள மரம் சிவப்பு,
எரிந்த மரம் கறுப்பு.
இது தெரியாமல் முதல் நாள் வகுப்பில்
திரை முழுக்கச் சிவந்துகிடந்த எங்கள் மலையைப் பார்த்து
எழுந்து நின்றுவிட்டேன்.
"உட்காருங்கள் தியோலிந்தா,
மலை நலமாக இருக்கிறது" என்றான் தெல்மோ.

கண்ணுக்குப் படாத ஒளி ஒன்று உண்டாம்,
பச்சை இலை அதை வாங்கிக்கொள்ளாமல்
வந்த வழியே திருப்பி அனுப்புமாம்.
முகவரிதாரர் ஏற்க மறுத்த கடிதம்,
என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.
இருபத்திரண்டு வருடம் இந்த மலையில் தபால் கொடுத்தவள்
வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

நகராட்சிக் கட்டடத்தின் மாடி.
செவ்வாயும் வியாழனும், மாலை ஏழு மணி.
ஆறு பேர், நான்கு கணினி.
தேன் விற்கும் அமாதேயு எலியை
நிஜ எலியைப் பிடிப்பதுபோல் பிடிப்பான்.

ஒரு கட்டம் பத்து மீட்டர்.
அதற்குள் ஓர் அத்திமரம், ஒரு கிணறு,
கொடியில் காயும் மூன்று சட்டை,
எல்லாம் சேர்ந்து ஒரே எண்.

சரிவு. சரிவு பார்க்கும் திசை. புதர். சாலையின் தூரம்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை; பெருக்கிக் கூட்டவேண்டும்.
தீ ஏற்றத்தில் ஓடும், இறக்கத்தில் நடக்கும்,
என் வேனுக்கு நேர் எதிர்.
தெற்குச் சரிவு முதலில் காயும்.
அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவேண்டாம்,
அந்தப் பக்கத்துத் தபால்பெட்டிகளில்தான்
பெயிண்ட் முதலில் உரிகிறது.

ஏழாவது வாரம் வரைபடம் வந்தது.
பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.
இந்த முறை சிவப்பென்றால் சிவப்புதான்.
அவரவர் வீட்டைத்தான் அவரவர் தேடினோம்.

சரிவின் எடை முப்பத்தைந்து.
அதை இருபதாக்கினால்
என் வீடு மஞ்சளாகிறது.
ஆக்கிப் பார்த்தேன்.
கூரை மஞ்சளானது, மலை அசையவில்லை.
யாரும் கவனிக்கும் முன்
திரும்ப முப்பத்தைந்து.

பிறகு கூரைகள்.
வால் டோ கோர்சோவில் நாற்பத்தொன்று என்றது படம்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டு எண்ணினேன், பிசகில்லை.
ஆனால் பதினொன்றில்தான் ஆள்.
நான்கில் செத்தவர்கள் பெயருக்கு
மின்கட்டண ரசீது மட்டும் வருகிறது.
மிச்சம் இருபத்தாறும் ஆகஸ்டில் நிறையும்,
பிரான்சிலிருந்து வரும் கார்களோடு, குழந்தைகளோடு,
காடு மிகவும் காய்ந்திருக்கும் அதே மாதத்தில்.
எர்மெலிந்தாவுக்குக் காது கேட்காது,
ஜன்னலைத் தட்டவேண்டும்.
பெல்மீரோவின் காரில் பாட்டரி இல்லை,
பின் இருக்கையில் கோழி முட்டையிடுகிறது.
மேல்வீட்டுக்குப் புதிதாக வந்த ஒலேகுக்கும் மனைவிக்கும்
சங்கு ஊதினால் என்ன அர்த்தமென்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.

"இதெல்லாம் எந்த அலைநீளத்தில் தெரியும்?"
தெல்மோ பதில் சொல்லவில்லை.
வெற்று அட்டவணை ஒன்றைத் திறந்து
விசைப்பலகையை என் பக்கம் தள்ளினான்.
அடுக்குக்குப் பெயர் என்ன என்று கேட்டது கணினி.
கதவு, என்று அடித்தேன்.

ஏப்ரலில் அறிவிப்புகள் வந்தன.
வீட்டைச் சுற்றி ஐம்பது மீட்டர் புதர் வெட்டுக,
தவறினால் அபராதம்.
சிவப்பில் விழுந்த வீடுகளுக்கெல்லாம் பதிவுத் தபால்.
என் பை, என் வேன்.
அமாதேயு கையெழுத்துப் போடாமல் கத்தினான்:
"நீ போட்ட படம்தானே இது?"
நீயும் சேர்ந்து போட்டதுதான் என்றேன்.
பேனாவைப் பிடுங்கிக்கொண்டான்.

கடைசி உறை என் பெயருக்கு.
வேனை நிறுத்தி இறங்கி
என் வாசலில் நின்று
கொடுத்தவர் என்ற கோட்டில் ஒன்று,
பெற்றவர் என்ற கோட்டில் ஒன்று.
இரண்டும் ஒரே கை போட்டதுபோல் இல்லை.

சீருடையோடு கொட்டகையில் அரிவாள் தேடினேன்.
வேலிவரை வந்திருந்தன யூகலிப்டஸ் கன்றுகள்,
இடுப்பளவு, தளதளவென்று,
மேலேயிருந்து பார்த்தால்
செக்கச்செவேலென்று.