தலைக்கு மேல் ஓர் ஏரி

ஓல்ஷ்டின் ஏரிகள் எல்லாம் உறைந்துவிட்டன.
ஒன்று மட்டும் உறையவில்லை.
அது என் படுக்கையறைக்கு நேர்மேலே,
ராடெக்கின் வீட்டில்,
அறுநூறு லிட்டர்.

நள்ளிரவில் கல்லைக் கல் உரசும்,
யாரோ வீட்டைப் பிரித்துக் கட்டுவதுபோல.
கூரையில் ஈரம் படர்ந்த அன்று
சண்டை போடத்தான் படியேறினேன்,
செருப்பைக்கூட மாற்றாமல்.

கண்ணாடிக்குள் செம்மஞ்சளாய் ஒரு முரடன்.
புடைத்த நெற்றி, தடித்த உதடு.
வாய் நிறையக் கூழாங்கல் அள்ளி
மூலையில் போய்த் துப்புகிறான்.
செடி வைத்தால் பிடுங்குவானாம்.
ஹீட்டரை இரண்டு முறை உடைத்தானாம்.
துணைக்கு விட்டவளை
ராடெக் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்தினார்.

நிகரகுவாவா என்றேன்.
இல்லை, ப்ர்னோவில் ஒரு நிலவறைத் தொட்டி.
எந்த ஏரியையும் பார்த்ததில்லை இவன்.

ட்ராம் ஓட்டும் கையை நீருக்குள் விட்டார்.
கடி வாங்கினார்.
பெருமையாகத் துடைத்துக்கொண்டார்.

என்னிடமும் வந்தான்.
செவுள் இரண்டையும் விரித்து
முறைத்தான்.
நானும் முறைத்தேன்.
வெகுநாளாயிற்று
என்னை ஒருவர் இவ்வளவு நேரம் பார்த்து.

ஈரத்தைப் பற்றிப் பேசாமலே இறங்கினேன்.

இப்போது அவருக்கு இரவுப் பணி என்றால்
சாவி என்னிடம்.
வெளியே மைனஸ் பதினான்கு,
அவனுக்கு இருபத்தேழு.
இறாலை உருகவைத்துப் போட்டுவிட்டு வந்து
போர்வைக்குள் காது தீட்டிக் கிடப்பேன்.

ஒரு கல் நகர்கிறது.
அதே கல் திரும்பி வருகிறது.
அந்த மூலை பிடிக்கவில்லை போலும்.

கூரைத் திட்டு
போன வாரத்தைவிட
ஒரு விரற்கடை பெரிது.