இருநூறு அடி

தீபாவளிக்கு மறுநாள்
ஆட்டுக்கறி தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சிய மத்தியானம்,
அண்ணன் பேச்சை எடுத்தான்:
"அப்பா இருக்கையிலேயே எழுதி வச்சிருவம்."

வத்தளையில் ஹாட்வெயார் கடையில் நிற்கிறவன்.
முதலாளி செத்து, மகன்மார் மூன்று பேரும்
நாலு வருசமாகக் கோர்ட்டுக்கு அலைவதைப் பார்த்துப்
பயந்து வந்திருக்கிறான்.
நியாயமான பயம்தான்.
ஆனால் அங்கே பிரிக்க ஒரு கடை இருந்தது.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது,
முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு.
"எழுது, எழுது. பேனை இருக்கா?"

கலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்துப்
பின்பக்கம் ஒன்று என்று போட்டான்.
வீடு.

பொகவந்தலாவைக்கு மேலே, சரிவில், ஏழு பேர்ச்.
லயத்துக் காம்பராவை விட்டு இறங்கி ஆறு வருசம்.
திறப்பு விழாவில் அப்பா கையில் ஒரு கடுதாசி கொடுத்தார்கள்.
படம் பிடித்தார்கள்.
படம் பிடித்ததும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.
உறுதி பின்னால் வரும் என்றார்கள்.
பின்னால் வந்தது கடன்.
அதில் மட்டும் அப்பாவின் பெயர்
எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது.

"மாசம் எவ்வளவு வெட்டுறாங்க?" அண்ணி மைதிலி கேட்டாள்.
அப்பா வாசலைப் பார்த்தார்.
போனுக்குள் குவைத்திலிருந்து தங்கச்சி
கேக்குதா கேக்குதா என்றாள், வாய் திறந்தபடி உறைந்தாள்.
வெட்டுவது என் சம்பளத்தில்.
அப்பா பென்சன் வாங்கிய மாதத்திலிருந்து.
நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.
என்னைக் கேட்டிருந்தால் சதத்தோடு சொல்லியிருப்பேன்.

பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார் அப்பா.
அவருடைய அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம்,
நாலாக மடித்து நாலு மடிப்பிலும் கிழிந்தது.
மரண சகாய சங்கக் கொப்பி.
அம்மாவின் ஈ.பி.எப். துண்டு;
அந்தக் காசு தங்கச்சியின் ஏஜென்சிக்குப் போனது.
தோட்டின் அடகுச் சீட்டு;
தோடு ஏலத்தில் போனது.

"பசு?"
"வித்தாச்சு."
"எப்ப? ஒரு வார்த்தை சொல்லல்ல?"
"நீ வேலையில்லாம இருந்த வருசம்.
உனக்குத்தான்டா அனுப்பினோம்."

அண்ணன் பேனையின் மூடியைப் போட்டான். திறந்தான்.

டின்னின் அடியில் ஒட்டியிருந்ததை
நகத்தால் பெயர்த்து எடுத்தார் அப்பா.
ஹட்டன் கடை பில்.
கறுப்பு பைப்பு, அரை அங்குலம், இருநூறு அடி.
முழுக்காசும் கட்டி, சீல் குத்தியது.
மூணாம் நம்பர் மலை ஊற்றிலிருந்து
எங்கள் குசினி வரைக்கும் வருகிறதே, அது.

"இது என்னோடது" என்றார்.
"கம்பெனிக்கு இல்ல. பேங்குக்கு இல்ல.
எழுதிக்க."

இரண்டு: பைப்பு.

அண்ணன் மகன் கவிஷனுக்கு நாலாம் வகுப்பு.
கணக்கு என்றால் விடமாட்டான்.
"மூணு பேருக்கும் அறுபத்தாறு அடி.
மிச்சம் ரெண்டு அடி தாத்தாவுக்கு."
குவைத்தும் சிரித்தது, கொஞ்சம் பிந்தி.

சிரிப்பு முடிந்த இடத்தில் அண்ணன் என் பக்கம் திரும்பினான்,
வந்து இரண்டு நாளில் முதல்தரமாக.
"வீட்டுக்கு நீ என்ன சொல்ற, தவம்?"

எத்தனையோ இருந்தது.
வெட்டிய துண்டுகள் எழுபத்தொன்று
என் சேலைப் பெட்டியில், ரப்பர் போட்டு.

"ரொட்டி ஆறுது" என்றேன்.

ராத்திரி முழுக்க மழை.
விடியற்காலம் குழாயில் தண்ணீர் இல்லை.
ஆறரை பஸ்ஸுக்கு அண்ணி பிள்ளையோடு ஆயத்தம்,
பேக் வாசலில்; அண்ணனைக் காணோம்.
அப்பா கையைத் தூக்கி மலையைக் காட்டினார்.

தேயிலைக்கு நடுவே தீபாவளிச் சட்டை, நல்ல நீலம்,
குனிந்து குனிந்து ஏறிக்கொண்டிருந்தது.
எந்தப் பொருத்தில் கழன்றிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்;
கொய்யா மரத்தடியில்தான் எப்போதும்.
வாய் வைத்து ஊதுவான். மண்ணைத் துப்புவான்.
அட்டை கடித்ததைக் கொழும்பில்தான் பார்ப்பான்.

நான் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.
கலண்டர் தாள் அடுப்பு மேட்டில் கிடந்தது,
எண்ணெய் பட்டு, மாதத்தின் திகதிகள் முன்பக்கமாய் ஊறி.
ஒன்றுக்கு நேரே வீடு என்றிருந்தது.
பக்கத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

கீழே வளைவில் பஸ் இரண்டு தரம் ஹாரன் அடித்தது.
குழாய் இருமியது.
முதலில் காற்று வந்தது,
பிறகு சிவப்பாய்க் கொஞ்சம் தண்ணீர்.