பூபாலன் மூட்லி வீட்டில் எட்டாம் நாள்

டோங்காட்டில் கசாப்புக்கடை வைத்திருந்த
பூபாலன் மூட்லிக்கு
என் சமையலைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான்.
"எலும்பில்லாத குழம்பு
தபால்தலை ஒட்டாத கடிதம், கோகிலம்.
வீட்டை விட்டுக் கிளம்பாது."

இருபது வருஷம் இதையே கேட்டேன்.
கல்யாணத்தில், காவடியில்,
கிரிக்கெட் கிளப் விருந்தில்,
சைவப் பந்திக்கு நான் அண்டா இறக்கும்போதெல்லாம்
மூக்கைச் சுளித்தபடி வந்து நிற்பார்.
மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.
கை கழுவும்போது கடிதத்தை ஞாபகப்படுத்துவார்.

இப்போது அவர் வீட்டில்
பதினாறு முடியும்வரை கறி கிடையாது.
எட்டாம் நாள் சமைக்க என்னைக் கூப்பிட்டது
அவர் மனைவி ரஞ்சிதம்.
"எல்லாரும் அவர் கூட்டாளிங்க.
பல்லுக்கு வேலை கேட்பாங்க" என்றாள்.
கொஞ்சம் சிரித்தாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சுகர் பீன்ஸ், பத்துக் கிலோ.
இரவு ஊறப்போட்டது
விடியும்போது தொப்பை போட்டிருந்தது.

எண்ணெயில் பட்டை, அன்னாசிப்பூ, பிரிஞ்சி இலை.
பிறகு வெங்காயம்.
வெங்காயத்தை இந்த இடத்தில் அவசரப்படுத்தினால்
எந்த மசாலா வந்து கெஞ்சினாலும்
அது மன்னிக்காது.
பொன்னிறம் என்பார்கள், போதாது.
பொன்னைத் தாண்ட வேண்டும், தேயிலையைத் தாண்ட வேண்டும்.
கரும்புக்காடு எரிக்கிற நாளில்
கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில்
வந்து விழுமே ஒரு கரி,
அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் நிறுத்த வேண்டும்.

அந்த நிமிஷம் பார்த்துத்தான் கரண்ட் போனது.
கராஜின் கதவு பாதி இறங்கி நின்றுவிட்டது.
ஜூன் மாதத்து ஐந்தரை மணி.
கேஸ் அடுப்பின் நீலத்தில்
நிறம் எங்கே தெரிகிறது?
காதால் கிளறினேன்.
சடசடப்பு முணுமுணுப்பாகும்போது
தக்காளியைக் கொட்டினேன்.

வெந்ததும் கரண்டியை நக்கிப் பார்த்தேன்.
உப்பு சரி, புளி சரி.
மிளகாய் தலைவாரிப் பொட்டு வைத்து
முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.
இருந்தும்
தபால்தலை இல்லை.
சண்டாள மனுஷா, செத்தும் ஜெயிக்கிறாயா?

பாதிக் கதவுக்குக் கீழே குனிந்து
ஒருவர் உள்ளே வந்தார். தோக்கோசானி.
கடையில் இருபத்திரண்டு வருஷம்
எலும்பறுக்கும் ரம்பத்தில் நின்றவர்.
கையில் ஒரு நசுங்கிய அலுமினியச் சட்டி.
பின்னறையில் கிடந்ததாம், ரஞ்சிதத்திடம் கொடுக்க வந்தாராம்.

"மத்தியானம் இதில்தான் சாப்பிடுவோம், அவரும் நானும்."
"என்ன சாப்பிடுவீங்க?"
அவர் என் அண்டாவைப் பார்த்தார்.
"பீன்ஸ்."

காலை முழுக்க மாமிசம் வெட்டியவனால்
மத்தியானம் அதைப் பார்க்க முடியுமா
என்று கேட்பாராம் மூட்லி.
ஒற்றைத் தட்டு ஸ்டவ்வில் தானே சமைப்பாராம்.

"அதில் எலும்பு போடுவாரா?"
"எலும்பு நாய்க்கு."

பிறகு அவரே கரண்டியை வாங்கிக்கொண்டார்.
இரண்டு அகப்பை பீன்ஸைத் தனியே எடுத்து
சட்டியில் கூழாக மசித்தார்.
அடியில் பிடித்திருந்த பழுப்பையெல்லாம்
சுரண்டு சுரண்டென்று சுரண்டிக் கலந்தார்.
மசித்ததைத் திருப்பி ஊற்றினார்.
"தைம் இருக்கா?"
ரஞ்சிதத்தின் தொட்டியில் இருந்தது. ஒரு கொத்து.
மூடினோம். பேசாமல் நின்றோம்.

கூட்டாளிகள் வந்தார்கள்.
ரொட்டியைப் பிய்த்தார்கள், தோய்த்தார்கள்,
நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள்.
ஒருவரும் பாராட்டவில்லை; துக்கவீடு.
கிளம்பும்போது மட்டும்
ஒருவர் பின் ஒருவராக ரஞ்சிதத்திடம்
ஏதாவது டப்பா இருக்குமா என்று
குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்.

ஐஸ்க்ரீம் டப்பாக்களில்,
மார்ஜரின் டப்பாக்களில்,
மூடி பொருந்தாத ஒன்றில் தட்டைக் கவிழ்த்து,
காரின் முன்சீட்டில், மடியில்,
வெருலத்துக்கும் ஸ்டேங்கருக்கும்
என் குழம்பு
வீட்டை விட்டுக் கிளம்பியது.

நசுங்கிய சட்டியை நான்தான் கழுவினேன்.
கழுவி, என் கூடையில் வைத்துக்கொண்டேன்.